துபாய் கிட்டவா, சிங்கப்பூர் கிட்டவா: விமான தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்குப் போடும் வழி

சென்னையிலிருந்து துபாய் கிட்டவா, சிங்கப்பூர் கிட்டவா என்று திருவொற்றியூர் தேரடியில் நின்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். துபாய்தான் கிட்ட என்பவர்கள் டிக்கெட்டையே ஆதாரமாகக் காட்டுவார்கள். காலை 10 மணிக்குக் கிளம்பினால் மதியம் 12:35-க்குத் துபாயில் இறக்கிவிடுகிறான், அதே 10 மணிக்குச் சிங்கப்பூர் ஃப்ளைட் ஏறினால் சாயந்திரம் 4:50 ஆகிவிடுகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு ஊருமே மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம். சிங்கப்பூரின் சாங்கி ஏர்போர்ட் சுமார் 2,920 கிலோமீட்டர், துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர். வித்தியாசம் பத்து கிலோமீட்டர். திருவொற்றியூரிலிருந்து சென்ட்ரலுக்குப் போய்ச் சேருகிற தூரம்தான். விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமும் இரண்டுக்கும் நாலு மணி நேரத்தை ஒட்டியே வரும்.

டிக்கெட்டில் தெரியும் நேரம் வேறு, பறக்கும் நேரம் வேறு, தூரம் வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஏர்போர்ட்டுக்கு வண்டி சொல்வதிலிருந்து பெரியவர்களின் சர்க்கரை மாத்திரைக்கு நேரம் பார்ப்பது வரை எல்லாம் தப்பாகிறது. போனில் தட்டினால் விடை வந்துவிடுமே என்று கேட்கலாம், வரும்தான். ஆனால் வந்த விடை சரியா, ஏஜென்ட் காட்டுகிற டிக்கெட் சுற்றுவழியா, 19 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே அதில் எவ்வளவு பறப்பது எவ்வளவு காத்திருப்பது என்பதெல்லாம் கணக்கு தெரிந்தால்தான் பிடிபடும். கணக்கும் பெரிதாக ஒன்றுமில்லை, பத்தாம் வகுப்பு அளவுதான்.

முதலில் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

தூரத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை என்று தோன்றும். ஆனால் ஆளை அதிகம் ஏமாற்றுவது கடிகாரம் என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்புகிற ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்குகிற ஊரின் நேரம். எந்த நிறுவனமாக இருந்தாலும் இதுதான் வழக்கம். அதனால் இரண்டையும் நேராகக் கழிக்கவே கூடாது. இரண்டையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் கழியுங்கள்.

துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே 12:35 என்றால் இங்கே 2:05. காலை 10-லிருந்து 2:05 வரை 4 மணி 5 நிமிடம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே 4:50 என்றால் இங்கே 2:20. ஆக 4 மணி 20 நிமிடம். முடிந்தது கதை. திரும்பி வரும்போது இது அப்படியே தலைகீழாகும், துபாயில் காலை 10-க்கு ஏறினவர் மீனம்பாக்கத்தில் இறங்கும்போது மதியம் மூன்றே கால் மூன்றரை ஆகியிருக்கும், போகும்போது ரெண்டரை மணி நேரத்தில் போன ஃப்ளைட் வரும்போது மட்டும் ஏன் ஐந்தரை மணி நேரம் எடுத்தது, வழியில் எங்காவது நிறுத்தினானா என்று வீட்டில் ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார்.

இந்த நேர வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது, அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து எடுத்தது, 82.5-ஐ 4-ஆல் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். சென்னை இருப்பது 80-ஐச் சற்றுத் தாண்டி, அதைப் பெருக்கினால் 5 மணி 21 நிமிடம் வரும். இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தை வைத்து எடுத்த அந்த மெட்ராஸ் நேரத்தில்தான் இந்த ஊர் ஒரு காலத்தில் ஓடியது. 1856-இல் ராயபுரத்திலிருந்து தெற்கின் முதல் ரயில் கிளம்பிய காலத்தில் இந்திய நேரம் என்ற ஒன்றே கிடையாது, பிற்பாடு நாடு முழுக்க ரயில்வே கால அட்டவணைக்கு மெட்ராஸ் நேரத்தையே எடுத்துக்கொண்டார்கள். 1906-இல் தான் இப்போதைய ஐந்தரை வந்தது. அந்த ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது, பக்கத்தில் இருக்கிறவர்களே எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

சில நாடுகள் வருஷத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை நகர்த்துவார்கள், அங்கே மட்டும் கவனம். லண்டன் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால், கோடையில் நாலரை மணி நேரம். மாற்றுகிற நாள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. துபாய், சிங்கப்பூர், மலேசியா பக்கம் இந்தத் தொல்லை இல்லை. அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு ஒரு சுலப வழி இருக்கிறது: கோடையில் வித்தியாசம் சரியாகப் பன்னிரண்டரை மணி நேரம், அதனால் நம் கடிகாரத்தில் அரை மணி குறைத்துப் பகலை இரவாக்கிக்கொண்டால் போதும். இங்கே இரவு 9 என்றால் அங்கே அதே நாள் காலை 8:30. குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் குறைக்க வேண்டும்.

தூரம்: பாரிமுனையில் ஒரு உருண்டை வாங்குங்கள்

சுவரில் மாட்டுகிற உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக்கும்போது வடக்கே போகப் போக எல்லாம் இழுபட்டுவிடும், நேர்கோடு என்று நீங்கள் போடுகிற கோடு உண்மையில் சுற்றுவழி. பாரிமுனைப் பக்கம் ஸ்டேஷனரி கடைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிற சின்ன குளோப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கூட ஒரு தையல் நூல். நூலின் ஒரு முனையைச் சென்னையில் விரலால் அழுத்திப் பிடித்து மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்து விறைப்பாக்குங்கள். நூல் பசிபிக் கடல் நடுவே போகாது. வழுக்கி வழுக்கி மேலே ஏறி நேபாளம், சீனா, சைபீரியா என்று போய் அலாஸ்கா வழியாக இறங்கும், ஏறக்குறைய 69 டிகிரி வடக்கு வரை போய்விடும். சென்னையிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குக் குறுக்குவழி கிழக்கேயும் இல்லை மேற்கேயும் இல்லை, வடக்கே என்பது விரலில் நூல் இருக்கும்போதுதான் நம்பும்படியாகிறது. இப்போது அந்த நூலை அப்படியே எடுத்து நிலநடுக்கோட்டின் மேல் வையுங்கள். முழு வட்டம் 40,000 கிலோமீட்டர், அதில் நூல் எத்தனை பங்கு என்று பார்த்தால் தூரம் வந்துவிடும். சான் பிரான்சிஸ்கோவுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட, 13,900 கிலோமீட்டர் வாக்கில் வரும்.

இதிலேயே ஒரு எச்சரிக்கை மணியும் கிடைக்கிறது. பூமியில் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்கவே முடியாது, அரை வட்டம் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு எண்ணை யாராவது சொன்னால் அது சுற்றுவழித் தூரம் அல்லது கணக்கில் பிசகு.

நூல் போதாது, இன்னும் துல்லியமாக வேண்டும் என்பவர்களுக்குப் போன் கால்குலேட்டர் இருக்கிறது. போனைப் பக்கவாட்டில் திருப்பினால் சைன், காஸ் பட்டன்கள் வரும், டிகிரியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ரேடியனில் இருந்தால் எல்லாம் நாசம். இரண்டு ஏர்போர்ட்டின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும், மேப்பில் விரலை அழுத்திப் பிடித்தாலே காட்டும். சென்னை 13.0 வடக்கு, 80.2 கிழக்கு. லண்டன் ஹீத்ரோ 51.5 வடக்கு, 0.45 மேற்கு. ஒன்று கிழக்கு ஒன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும், ஏறக்குறைய 80.6 வரும், இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் கழிக்க வேண்டும். கூட்டின எண் 180-ஐத் தாண்டினால் 360-இலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். தெற்கு அட்சரேகைக்கு மைனஸ் போட மறக்காதீர்கள், சிட்னி கணக்கு தப்பாவது பெரும்பாலும் இங்கேதான்.

இனி இரண்டு பெருக்கல். இரண்டு அட்சரேகைகளின் சைனையும் பெருக்குங்கள்: 0.225 பெருக்கல் 0.783, விடை 0.176. அடுத்து இரண்டு அட்சரேகைகளின் காஸையும் பெருக்கி அதோடு தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸையும் பெருக்குங்கள்: 0.974 பெருக்கல் 0.623 பெருக்கல் 0.163, விடை 0.099. இரண்டையும் கூட்டினால் 0.275. இதற்கு இன்வர்ஸ் காஸ் போட்டால் 74 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரி 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 8,230 கிலோமீட்டர். அவ்வளவுதான், சென்னைக்கும் லண்டனுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நீங்களே அளந்தாயிற்று. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருப்பதால் இதில் அதிகபட்சம் அரை சதவீதம் முன்னே பின்னே இருக்கும், டிக்கெட் போட அது போதும்.

அந்த 111 கிலோமீட்டர் என்ற எண்ணை நம் ஊர்ப் பக்கமே ரத்தமும் வியர்வையுமாக அளந்திருக்கிறார்கள். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கிலோமீட்டருக்குச் சங்கிலி போட்டு அளந்துதான் இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளக்கும் பெரிய சர்வேயைத் தொடங்கினார், பூமி எவ்வளவு வளைந்திருக்கிறது, ஒரு டிகிரி என்பது நிலத்தில் எவ்வளவு நீளம் என்பதைக் கண்டுபிடிப்பதும் அவருடைய நோக்கம். பரங்கிமலை ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, மீனம்பாக்கத்தில் இறங்கும்போது ஜன்னலில் தெரியும்.

காசிமேட்டுக்காரர்களுக்கு இன்னொரு சுலபம் உண்டு. விசைப்படகில் ஜிபிஎஸ் பார்த்துக் கடல் மைலில் பேசிப் பழகினவர்கள் டிகிரியை 60-ஆல் பெருக்கினால் போதும், கடல் மைல் வந்துவிடும். ஒரு டிகிரியில் 60 நிமிடக் கோணம், ஒரு நிமிடக் கோணம் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். லண்டன் 74 டிகிரி என்றால் 4,440 கடல் மைல். பைலட்டும் கடலோடியும் ஒரே அளவில்தான் பேசுகிறார்கள்.

நேரம்: 850-ஆல் வகுத்து அரை மணி சேருங்கள்

பெரிய விமானங்கள், போயிங் 787 ஏர்பஸ் ஏ350 மாதிரி உள்ளவை, மேலே போனபின் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். சின்ன ஏ320 வகை அதைவிடக் கொஞ்சம் மெதுவு. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது, ரன்வேக்கு ஊர்ந்து போவதற்கும் வரிசையில் நிற்பதற்கும் தனி நேரம் ஆகும். டிக்கெட்டில் போடுகிற நேரம் விமானம் நின்ற இடத்திலிருந்து நகர ஆரம்பித்ததிலிருந்து அந்த ஊரில் போய் நிறுத்தி முடிக்கும் வரை உள்ள நேரம். அதனால் தூரத்தை 850-ஆல் வகுத்து அரை மணி நேரம் சேருங்கள்.

துபாய், 2,930-ஐ 850-ஆல் வகுத்தால் ஏறக்குறைய மூன்றரை, அரை சேர்த்தால் நாலு மணி நேரம். லண்டன், 8,230-ஐ வகுத்தால் 9.7, அரை சேர்த்தால் பத்தேகால். உலகிலேயே நீளமான வழக்கமான ஃப்ளைட் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போவது, 15,300 கிலோமீட்டருக்கு மேல். நம் கணக்குப்படி பதினெட்டரை மணி நேரம் வருகிறது, நிஜத்திலும் பதினெட்டரைக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில்தான் போடுகிறார்கள். இவ்வளவு எளிய கணக்குக்கு இது மோசமில்லை.

ஆனால் லண்டன் டிக்கெட்டில் பத்தேகால் இருக்காது, சென்னையிலிருந்து போகும்போது பதினொன்றை நெருங்கும், வரும்போது பத்துக்குப் பக்கத்தில் வரும். காரணம் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்று ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள், மணிக்கு 100, 200 கிலோமீட்டர் வேகமெல்லாம் அதற்குச் சாதாரணம், குளிர்காலத்தில் இன்னும் பலமாக வீசும். 900 வேகத்தில் போகிற விமானத்துக்கு 100 கிலோமீட்டர் காற்று எதிரே வந்தால் தரைக்கணக்கில் 800, பின்னால் தள்ளினால் 1,000. எட்டாயிரம் கிலோமீட்டர் போக முதலாவதற்குப் பத்து மணி நேரம், இரண்டாவதற்கு எட்டு மணி நேரம். வழி முழுக்க அப்படி வீசாது என்பதால் நிஜ வித்தியாசம் இதைவிடக் குறைவு. பொதுவாக மேற்கே போகிற நீண்ட பயணத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், கிழக்கே வருவதற்குக் கொஞ்சம் குறையுங்கள். சீட்டுக்கு முன்னால் உள்ள திரையில் தரைவேகம் என்று ஒரு எண் ஓடும், அது 900-ஐவிட ஏறியிருந்தால் காற்று நம் பக்கம்.

நம் ஊருக்கு மட்டும் இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்தது அதுதான். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, கீழே தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருக்கும் அதே மாதங்களில், தென்னிந்தியாவுக்கு மேலே உச்சியில் அதற்கு நேர்எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு ஜெட் ஓடும். இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1958-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார், வெப்பமண்டலக் கீழைக்காற்று ஜெட் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அதன் பலமான பகுதி விமானங்கள் பறப்பதற்கும் மேலே என்றாலும், விமான உயரத்திலும் காற்று கிழக்கிலிருந்தே வீசும். அந்த மாதங்களில் சென்னையிலிருந்து துபாய் போகிறவருக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும், திரும்பி வருகிறவருக்கு எதிரே நிற்கும். மேற்கே போனால் மெதுவு என்று நான் மேலே சொன்னது வடக்கே ஐரோப்பா அமெரிக்கா போகிறவர்களுக்குச் சரி, ஆடி மாதத்தில் வளைகுடா போகிறவருக்கு அல்ல.

இன்னொன்று, வானத்திலும் மூடிய தெருக்கள் இருக்கின்றன. உருண்டையில் சென்னைக்கும் லண்டனுக்கும் நூல் பிடித்தால் அது பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், தெற்கு ரஷ்யா, உக்ரைன் என்று போகும். 2022-இலிருந்து உக்ரைன் வானத்தில் பயணிகள் விமானமே போவதில்லை, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வானமும் இல்லை. 2019-இல் பல மாதங்களும் 2025 ஏப்ரல் கடைசியிலிருந்தும் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வானம் மூடப்பட்டது. டெல்லிக்காரர்கள் அளவுக்கு நமக்கு அடி இல்லை, தெற்கிலிருந்து அரபிக்கடல் பக்கமாக விலகிப் போவது சுலபம். ஆனாலும் உங்கள் கணக்குக்கும் டிக்கெட்டுக்கும் ஒரு மணி நேரம் உதைத்தால், காற்றுக்கு அடுத்து சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

நடுவில் இறங்கி ஏறுகிற டிக்கெட்

சென்னையிலிருந்து நேராகப் போகாத ஊர்கள்தான் அதிகம். அப்போது ஏஜென்ட் சொல்கிற வழி நல்ல வழியா என்று பார்க்க ஒரே சோதனை: இரண்டு துண்டுகளின் தூரத்தையும் கூட்டி, நேர்த்தூரத்தோடு ஒப்பிடுங்கள்.

சிட்னி நேர்த்தூரம் 9,130 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாகப் போனால் 2,920-உம் 6,290-உம் சேர்த்து 9,210. எண்பது கிலோமீட்டர்தான் கூடுதல், சிங்கப்பூர் கிட்டத்தட்ட நூலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. லண்டனுக்குத் துபாய் வழி 2,930-உம் 5,500-உம், மொத்தம் 8,430, இருநூறு கிலோமீட்டர் கூடுதல், பறக்கும் நேரத்தில் கால் மணி நேரம்கூட இல்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு ஹாங்காங் வழி 3,700-உம் 11,100-உம், 14,800; துபாய் வழி என்றால் 2,930-உம் 13,000-உம், ஏறக்குறைய 15,900. நேர்வழியைவிட இரண்டாயிரம் கிலோமீட்டர் அதிகம், இரண்டு இரண்டரை மணி நேரம் கூடுதலாக வானத்தில். டிக்கெட் அதற்கேற்ற அளவு விலை குறைவாக இருந்தால் போங்கள், இல்லாவிட்டால் எதற்கு.

ஆனால் பல டிக்கெட்டுகளில் நேரத்தைத் தின்பது தூரம் இல்லை, காத்திருப்பு. 24 மணி நேரப் பயணம் என்று போட்டிருந்தால் இரண்டு துண்டுகளுக்கும் 850 கணக்குப் போட்டுக் கூட்டுங்கள், மீதி முழுக்க நாற்காலியில் உட்காருகிற நேரம். என்னைக் கேட்டால் நடுவில் இரண்டரை மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரம் சரியான அளவு. ஒரு மணி பத்து நிமிடம் என்று போட்டுக் கொடுப்பார்கள், ஒரே டிக்கெட்டாக இருந்தால் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. ஆனால் முட்டிவலி உள்ள அம்மாவைத் தனியாக அனுப்பும்போது அந்த ஓட்டம் வேண்டாம். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக மலிவாக வாங்கியிருந்தால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பதில் சொல்லாது, பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டிவரும், அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். அப்படிப்பட்ட டிக்கெட்டுக்கு ஆறு மணி நேரமாவது விடுங்கள்.

தேதியையும் பாருங்கள். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் கூட்டல் 1 என்று இருந்தால் மறுநாள் என்று அர்த்தம். அமெரிக்கா போகும்போது கடிகாரம் பின்னால் போவதால் 22 மணி நேரம் பயணம் செய்தும் அதே தேதியில் இறங்கலாம். சென்னையில் நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு ஏறினவர் கோடையில் அதே நாள் காலை பத்தரைக்கு சான் பிரான்சிஸ்கோவில் இருப்பார். திரும்பும்போது அந்தக் கடனை வட்டியோடு கட்ட வேண்டும்.

வீட்டிலிருந்து மீனம்பாக்கம் வரை

வடசென்னையில் இருக்கிறவர்களுக்குக் கணக்கின் கடினமான பகுதி இதுதான், இதற்கு எந்த சூத்திரமும் கிடையாது.

முதலில் நள்ளிரவுத் தேதி. வளைகுடா, சிங்கப்பூர் விமானங்கள் நிறைய ராத்திரியில்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:40 என்று இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி இரவு எட்டு மணி வாக்கில். எங்கள் தெரு முனையில் இஸ்திரி போடும் அண்ணனின் மச்சான் 15-ஆம் தேதி ராத்திரி இரண்டு வண்டி நிறைய சொந்தக்காரர்களோடு, மாலையெல்லாம் போட்டுக்கொண்டு போய் இறங்கினார். ஏர்போர்ட் வாசலில் டிக்கெட்டை வாங்கிப் பார்த்த காவலர், சார் இது நேத்தே போயிடுச்சே என்றார். அக்கா ஊறுகாய்ப் பாட்டில்களைச் சட்டையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்ததை எல்லாம் மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. நள்ளிரவு 12-லிருந்து விடியற்காலை 4 வரை உள்ள எந்த டிக்கெட்டாக இருந்தாலும் காலண்டரில் முந்தின நாள் கட்டத்தில் பேனாவால் எழுதி வையுங்கள்.

மெட்ரோ நீல வழித்தடம் விம்கோ நகரிலிருந்து ஏர்போர்ட் வரை மாறாமல் ஒரே ரயில். தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை ஆட்களுக்கு இதைவிட நம்பகமான வழி கிடையாது, கடைசி ஸ்டேஷனிலிருந்தே ஏறினாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை நிற்கிறதா இல்லையா என்ற கவலையே இல்லை. ஆனால் காலை 5 மணி வாக்கில்தான் முதல் ரயில், இரவு 11-ஓடு முடிந்துவிடும். அதிகாலை 3 மணி, 4 மணி ஃப்ளைட் என்றால் கடைசி நேர ரயிலை நம்பாமல் 10 மணிக்கு முன்பே ஏறிப் போய் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம், பெரிய பெட்டி நாலைந்து இருந்தால் கார்தான் வழி. வியாசர்பாடி, கொடுங்கையூர், பெரம்பூர் பக்கம் உள்ளவர்கள் சென்ட்ரல் வந்து மெட்ரோ பிடிக்கலாம். மழைக்காலமாக இருந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா என்று கிளம்புவதற்கு முன் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு போய்ச் சேர வேண்டும், கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடுவார்கள். ஆக டிக்கெட் நேரத்திலிருந்து நாலரை ஐந்து மணி நேரம் பின்னால் வந்தால் வீட்டைப் பூட்டுகிற நேரம் கிடைக்கும். துபாய்க்கு வானத்தில் நாலு மணி நேரம், அதற்குத் திருவொற்றியூரிலிருந்து தரையில் ஐந்து மணி நேரம். சிரிக்காதீர்கள், உண்மை அதுதான். நவம்பர் டிசம்பரில் புயல் எச்சரிக்கை இருந்தால் கிளம்புவதற்கு முன்பு விமானம் இருக்கிறதா என்று பாருங்கள், 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஏர்போர்ட்டையே மூடினார்கள். போகி காலையில் வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். பழைய டயர் எரிக்கிற புகையும் பனியும் சேர்ந்து ரன்வே தெரியாமல் 2018 போகியன்று பல விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள்.

அழைத்துவரப் போகிறவர்களுக்கு: விமானத்தை நேரடியாகக் காட்டும் செயலிகளில் ஃப்ளைட் எண்ணைப் போட்டால் இப்போது எங்கே பறக்கிறது என்று தெரியும். அது இறங்கிவிட்டது என்று காட்டியதும் வாசலில் போய் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, ரன்வேயிலிருந்து ஊர்ந்து வந்து, இமிக்ரேஷன் வரிசை, பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் முடிய ஒரு மணி நேரம் ஆகும், ஒரே நேரத்தில் நாலைந்து விமானம் இறங்கும் விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். பகலாக இருந்தால், வளைகுடாவிலிருந்து வரும் விமானம் பெங்களூரு மேலே வருகிறபோது விம்கோ நகரில் மெட்ரோ ஏறினாலே போதும், அவர்கள் வெளியே வருவதற்கு முன் நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு டீயும் குடித்திருப்பீர்கள். பார்க்கிங்கில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் கார்க்காரரை மட்டும் பெட்டி கைக்கு வந்த பிறகு உள்ளே கூப்பிடுங்கள்.